ப்

கருப்பூர் தாண்டி
மேக்னசைட் மண் வெளுத்துக் கிடக்கும் பக்கம்
இது மூன்றாவது கல்லூரி.
முதலாவதில் சிரித்த முகங்களின் கீழே
ஆளுக்கொரு சம்பளத் தொகை எழுதி
சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள்.
இரண்டாவதில் பையன்களுக்கு ஒரு படிக்கட்டு,
பெண்களுக்கு ஒரு படிக்கட்டு,
நடுவில் விசிலோடு ஒருவர்.
சேந்தன் அங்கே ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.
ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

இவன் அப்பா நாக்பூரில் லோடு இறக்குகிறார்.
காலையிலிருந்து மூன்று போன்:
ஃபீஸ் எவ்வளவு, வேலை கிடைக்குமா,
ஹாஸ்டலில் கறி உண்டா.
நான் பார்க்க வந்தது வேறு.
அதை எந்த கவுண்டரில் கேட்பது?

என் மகனுக்குப் பகரமும் தகரமும் உயர்ந்த வாசற்படி.
அவன் கால் தூக்கி வைப்பதற்குள்
உலகம் உள்ளே போய்
சாப்பிட்டுக் கையே கழுவிவிடும்.
பத்தாம் வகுப்பில்
'பிரசன்ட்' சொல்ல வராமல்
பதினேழு நாள் ஆப்சென்ட் ஆனான்,
முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே.

"எங்க கேம்பஸ் ஒரு குடும்பம் மாதிரிங்க"
சுற்றிக்காட்டிய மேடம் சொன்னார்.
குடும்பத்தில்தான் முதலில் கேலி செய்தார்கள் என்று
நான் சொல்லவில்லை.
ஆய்வகம் காட்டினார்.
நீச்சல்குளம் காட்டினார், தண்ணீர் அடுத்த வருஷமாம்.

பதினொரு மணிக்கு மணியடித்து கேன்டீன் நிறைந்தது.
இவனை வேம்படியில் நிறுத்திவிட்டு
வரிசையில் போய் நின்றேன்.
பின்னால் எட்டுப் பேர்.
"அண்ணா, ஒரு த்... த்... த்..."

பதிமூன்று வருஷமாய்க் கேட்ட சத்தம்.
என் வாயில் வந்தபோது
யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

ஒரு குரல் "சீக்கிரம்" என்றது.
இன்னொன்று "இருடா" என்றது.
எனக்கு அடுத்து நின்ற பெண் மெதுவாக,
"தட்டுவடை செட்டா, ஆன்ட்டி?"
நல்ல பிள்ளை.
ஆனால் அதுதான் அவனுக்கு ஆகாதது,
தன் வார்த்தையை அடுத்தவர் முடித்துக் கையில் தருவது.
கடைக்காரர் டப்பாவில் கை வைத்தபடி நின்றார்.
காத்திருந்தாரா, ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லையா,
இன்றுவரை தெரியாது.

திரும்பினால் சேந்தன்.
எப்போது வந்தான்?
"நான் அவ்வளவு மோசமா இ-இழுக்கமாட்டேன்"
என்றான். காது சிவந்திருந்தது.
பீட்ரூட் துருவல் சரிந்து வழியும் பேப்பர் தட்டோடு
நான் நிற்க,
அவன் போய்விட்டான்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவன்
பைக்கைப் பிரித்துப் போட்டிருந்தான்.
சேந்தன் பக்கத்தில் குந்தினான்.
தூரம். எதுவும் கேட்கவில்லை எனக்கு.
வார்த்தை சிக்கினால் இவன் தொடையைத் தட்டுவான்:
தட்டினான், தட்டினான்,
இன்னும் தட்டினான்.
மற்றவன் நிமிரவே இல்லை,
ஒரு நட்டைத் திருகிக்கொண்டே இருந்தான்.
பிறகு கிரீஸ் படிந்த கையால் ஸ்பேனரை நீட்டினான்,
இதைப் பிடி என்பதுபோல.
அவ்வளவுதான்.
மரியாதையா, அலட்சியமா?
மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் அவனுக்கு.
சேர்வராயன் மலையில் பாதியை மேகம் தின்றிருந்தது.
"இனி அப்படிச் செஞ்சேன்னா நான் எந்தக் காலேஜுக்கும் போகல"
இதை மட்டும் எங்கும் சிக்காமல் சொன்னான்.

குரங்குச்சாவடியில் நாலாவது போன்.
அவனிடமே கொடுத்தேன்.
"எப்படிடா இருக்கு?" லாரி ஹாரனுக்கு நடுவே அப்பா.
"ப்..."

பிடிச்சிருக்கு.
பிடிக்கல.
பரவால்ல.
பார்க்கலாம்.
எல்லாம் அந்த ஒரே படியில் இடறுகிறவை.
எதையாவது ஒன்றை எடுத்து
அவன் வாயில் வைத்துவிட என் நாக்கு துறுதுறுத்தது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ப்..."

கண்டக்டர் விசில் ஊதினார்.
ஐந்து ரோட்டில் சிக்னல் விழுந்து
பஸ் நின்றது.
போனின் அந்தப் பக்கமும் யாரும் பேசவில்லை.